ரூஃபஸின் விலா எலும்பு

ஓட வைத்தால் நாய் இளைக்கும், உட்கார வைத்தால் பெருக்கும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மருதப்பனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அன்று டிப்போவில், மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ரூஃபஸை ஏற்றி நிறுத்தினார்கள். ரூஃபஸ் நல்ல ஜாதி அல்சேஷன். நில் என்றால் அசையாமல் நிற்பான். கிளார்க் ஆம்ப்ரோஸ் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"மருதப்பன், கூடியிருக்குய்யா. போன வாரத்தைவிட மூணு ராத்தல் கூட."

"தராசு சரியா இருக்கா சார்?"

"இப்பதான் சீனி மூட்டை நிறுத்தேன். தராசெல்லாம் ஓகே லா."

மருதப்பன் நாயைப் பார்த்தான். நாய் மருதப்பனைப் பார்த்தது. இருவரில் மருதப்பன்தான் அதிகமாக விழித்தான்.

கதை நடந்தது கடல் கடந்த ஊரில், சிராங்கூன் ரோட்டுப் பக்கம், அறுபத்தைந்தாம் வருஷம், பொங்கல் கழிந்த கையோடு. டிப்போ என்றால் பிரிட்டிஷ் ராணுவத்தின் சாமான் கிடங்கு. அதைக் காவல் காக்கிற நாய்களில் ஒன்று ரூஃபஸ். அதன் கயிற்றைப் பிடிக்கிற உள்ளூர்ச் சிப்பாய் மருதப்பன். ராணுவத்தில் ஒரு நாய்க்கு ஓர் ஆள்தான். அவன் கையில்தான் தின்னும், அவன் சொன்னால்தான் பாயும். நாலு வருஷமாக ரூஃபஸுக்கு மருதப்பன், மருதப்பனுக்கு ரூஃபஸ். வெள்ளைக்கார அதிகாரிகள்கூட இருவரையும் சேர்த்து ஒரே பெயராகச் சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டது.

டிசம்பர் மழையில் டிப்போவின் நாய்க்கூண்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இருட்டில் நீந்திக் கரையேறும்போது முள்கம்பி கிழித்து ரூஃபஸின் முன்னங்கால் பாதம் பிளந்துபோயிற்று. கூண்டுகளைப் புதிதாகக் கட்டுகிற வரைக்கும் அவரவர் நாயை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மருதப்பன் வீடு சந்தர் ரோட்டில், கடைவீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டும் சிமென்டு முற்றமும். காயம் ஆறுகிற வரைக்கும் ரூஃபஸ் முற்றத்தில் படுத்துக் கிடந்தான், தின்றான், தூங்கினான். காயம் ஆறியபோது காவல் நாய் போய் ஒரு கரடிக்குட்டி எழுந்து நின்றது.

சார்ஜன்ட் பென்னட் வந்து பார்த்தார். ரூஃபஸின் விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு தன் கையை முஷ்டியாக மூடி, முட்டிகளின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். நல்ல தேகக்கட்டுள்ள நாயின் விலா எலும்பு இப்படிக் கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று அர்த்தம். ரூஃபஸுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, மெத்தைதான் தட்டுப்பட்டது. அப்புறம் அவர் இங்கிலீஷில் நீளமாகச் சொன்னதை ஆம்ப்ரோஸ் சுருக்கமாகச் சொன்னார்.

"மார்ச் மாசக் கடைசியில வெட்னரி டாக்டர் வர்றார். எல்லா நாய்க்கும் டெஸ்ட். பாஸ் ஆகாத நாயை வச்சுக்க மாட்டாங்க."

"வெளிய கொடுத்துடுவாங்களா சார்? நானே வாங்கிக்கிறேன்."

ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டினார். "ஆளைக் கடிக்கப் பழக்கின நாயை வெளிய விட மாட்டாங்கய்யா. ஊசிதான்."

மருதப்பனுக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது.

அதற்குக் காரணமும் ரூஃபஸ்தான். டிப்போவிலிருந்து நாய்க்கு ரேஷன் வரும், மாட்டிறைச்சி. அதை வேகவைக்க மருதப்பன் ஓர் அலுமினியச் சட்டி வைத்திருந்தான். பொங்கலுக்கு முந்தின நாள் பார்த்து அது ஓட்டையாயிற்று. பூவம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மனிதன் கைக்கு எட்டிய பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தான். அது பூவம்மா பொங்கலுக்கென்று புளி போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்த வெண்கலப் பானை. அவள் கரும்பும் மஞ்சள் கொத்துமாகத் திரும்பி வந்தபோது பானைக்குள் மாடு வெந்துகொண்டிருந்தது.

உடனே காலில் விழுந்திருக்க வேண்டாமா? "பானைதானே, கழுவுனா போச்சு" என்றான் அறிவாளி. பூவம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பானையைக் காலால் நாய்ப்பக்கம் தள்ளினாள். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் பொங்கல் பொங்கவில்லை. அன்றோடு அவளும் அவனோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

பேசாவிட்டாலும் குடித்தனம் நடக்க வேண்டுமே. பிள்ளைகுட்டி இருக்கிற வீடாக இருந்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்பலாம். இங்கே இருந்தது ரூஃபஸ்தான்.

"ரூஃபஸ், ரசம் ஆறுதுன்னு சொல்லு," என்பாள் பூவம்மா சமையல்கட்டிலிருந்து.

"ரூஃபஸ், உப்பு கம்மியா இருக்குன்னு சொல்லு," என்பான் மருதப்பன் முற்றத்திலிருந்து.

"ரூஃபஸ், உப்பு டப்பா எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும்னு சொல்லு."

நாய் கழுத்து வலிக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். இப்படி நாயை நடுவில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அரிசி தீர்ந்ததைச் சொல்லலாம், மழை வருவதைச் சொல்லலாம். ஊசி விஷயத்தை மட்டும் சொல்ல முடியாது. சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போனால்கூட 'முகம் தெளிஞ்சிருக்கே' என்று சொல்லிவிட்டு வருகிற ஜனங்கள் நாம். அந்த உயிரின் முகத்தைப் பார்த்தே 'உன்னைக் கொல்லப் போறாங்கன்னு சொல்லு' என்று எந்த வாயால் சொல்வது? மருதப்பன் இரண்டு தடவை ஆரம்பித்தான். ரூஃபஸ் காதை நிமிர்த்திக்கொண்டு அவனையே பார்த்தது. "ஒண்ணுமில்லடா" என்று விட்டுவிட்டான். அதையும் பூவம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், என்னவென்று அவளும் கேட்கவில்லை.

ஆக, பேச்சுக்குப் பதில் ஓட்டம் என்று முடிவாயிற்று. சார்ஜன்ட் முறை வகுத்துக் கொடுத்தார். முதலில் நடை மட்டும். கம்பத்துக்குக் கம்பம் நின்று முகர்கிற நடையல்ல, கயிறு தொய்யாமல், ஒரே வேகத்தில், தார் ரோட்டில். அப்போதுதான் புதுத்தோல் மூடிய பாதம் கெட்டிப்படும். அதற்குப் பிறகு சைக்கிள். ஆள் மிதிக்க, நாய் இடது பக்கமாகத் துள்ளுநடையில் வர வேண்டும். நடையும் இல்லாமல் பாய்ச்சலும் இல்லாமல் இடைப்பட்ட அந்த ஓட்டத்தில்தான் சதை உருகும், மூச்சு நீளும். அப்புறம் மேடு ஏறுவது, தொடைக்கு. அப்புறம் கடலில் நீந்துவது, காலில் பாரம் விழாமல் நெஞ்சு விரிய. வாரத்தில் ஒருநாள் கட்டாய ஓய்வு. ஓடுவதற்கு முன்னால் தீனி கூடாது. வெயில் ஏறிய ரோட்டில் முதலில் உன் புறங்கையை வைத்துப் பார், உனக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும்.

மருதப்பன் ஒன்றில்கூடக் குறை வைக்கவில்லை. விடிகாலையில் ரேஸ் கோர்ஸ் ரோடு வழியாக ஃபேரர் பார்க் திடலுக்கு நடை. டிப்போவில் வேலை முடிந்து வந்ததும் மாலையில் இன்னொரு நடை. அடுத்த வாரம் சைக்கிள். அதற்கடுத்து, சிராங்கூன் ரோட்டோடு இறங்கி டோபி காட் முனையைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏற்றமும் இறக்கமும். ஞாயிற்றுக்கிழமை தெரிந்த காய்கறி லாரியில் ஏறிக் கத்தோங் கடற்கரை. மருதப்பனுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கட்டையை எறிந்து எறிந்து எடுத்து வரச் சொன்னான். அங்கே காற்று வாங்க வந்த சீனக் குடும்பங்கள் எல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

நாயும் வஞ்சகமில்லாமல் ஓடியது. ஆரம்பத்தில் மேட்டில் பாதியிலேயே நாக்கு தொங்கிய நாய், பிறகு உச்சிக்குப் போய் நின்று 'இவ்வளவுதானா' என்பதுபோல் மருதப்பனைத் திரும்பிப் பார்த்தது. தொடையின் உட்பக்கம் விரலை வைத்தால், ஓட்டம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே நாடி அடங்கியிருந்தது. எல்லாம் சார்ஜன்ட் சொன்ன மாதிரியே நடந்தது. சனிக்கிழமைத் தராசு மட்டும் வேறு மாதிரிச் சொன்னது.

இங்கேதான் நமது ஆளுக்கு மண்டை காய ஆரம்பித்தது. அடுத்த சனிக்கிழமையும் கூடியது. மூலைத் தேநீர்க்கடை அப்துல் அலீமிடம் போய் முறையிட்டான். அலீம் பாய்க்கு ஆட்டு வியாபாரக் குடும்பம், உயிர்ப்பிராணி விஷயம் தெரிந்தவர் என்று தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு பேச்சு உண்டு.

"வயித்துல பூச்சி இருக்கும்," என்றார் அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே.

"பூச்சி இருந்தா இளைக்கும்ல பாய்?"

"இளைக்கிறது ஒரு வகை. உப்புறது ஒரு வகை." ஆற்றிய தேநீரை அவன் முன்னால் வைத்துவிட்டு அவனையே ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குத்தான் பூச்சி இருக்கும்போல. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. நாய்க்குப் போட்ட பயிற்சி உங்க உடம்புல ஒட்டியிருக்கு லா."

அதுவும் நிஜம்தான். மருதப்பனுடைய தொந்தி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நாய் ஓடினால் ஆள் இளைக்கிறான், ஆள் ஓடினால் நாய் பெருக்கிறது. இது என்ன கணக்கு? பூச்சிமருந்து கொடுத்துப் பார்த்தான். கண்ணேறோ என்று நாயின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினான். ரேஷனைப் பாதியாகக் குறைத்தான். ரூஃபஸ் பாதி ரேஷனை முகர்ந்து பார்த்துவிட்டு, 'இது வேற வேணுமா' என்பதுபோல் நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது. பசிக்காத நாய் எப்படிக் கொழுக்கும்? காற்றைத் தின்று வளர்கிறதா?

சார்ஜன்ட் பென்னட்டுக்கு வேறொரு சந்தேகம். இவன் நாயை எங்காவது மரத்தடியில் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குகிறான் என்று நினைத்தார். ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். சந்தர் ரோட்டிலிருந்து மேட்டு உச்சி வரைக்கும் மருதப்பன் சைக்கிளை மிதித்தான், ரூஃபஸ் இடது பக்கமாக அழகாகத் துள்ளி வந்தது. உச்சியில் சார்ஜன்ட் இறங்கி நாயின் தொடையைப் பிடித்துப் பார்த்தார், இரும்பாக இருந்தது. விலாவைப் பிடித்துப் பார்த்தார், மெத்தையாக இருந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தன்னுடைய குழப்பம் ஒரு வெள்ளைக்காரருக்கும் பரவியதில் மருதப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆறுதலால் என்ன பிரயோஜனம்? மார்ச் பிறந்துவிட்டது. ரூஃபஸ் அவன் காலடியில் தலையை வைத்துத் தூங்கும்போதெல்லாம் மருதப்பன் தூக்கம் வராமல் விழித்துக் கிடந்தான். தான் எங்கேயோ தப்புச் செய்கிறோம், அந்தத் தப்புக்கு இந்த உயிர் போகப்போகிறது என்றுதான் நினைத்தான். தப்பு எது என்றுதான் தெரியவில்லை.

அது தெரிந்தது அவனுடைய கால்சட்டையால். ஒருநாள் காலை அணிவகுப்பில் விறைப்பாக நின்று சலாம் வைத்தபோது கால்சட்டை இடுப்பை விட்டு நழுவியது. கையால் பிடித்துக்கொண்டான். சார்ஜன்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போய்த் தையல்காரனிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வா என்று அனுப்பினார். சிராங்கூன் ரோட்டில் தையல்காரர் அரைமணி கழித்து வரச் சொன்னார். வேட்டி ஒன்று எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று மருதப்பன் நடுப்பகலில் வீட்டுக்குள் நுழைந்தான்.

முற்றத்தில் பூவம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வெண்கலப் பானை. பானைக்குள் சோறு. சோற்றின் மேல் ஆட்டுக்கொழுப்பு உருக்கி ஊற்றியிருந்தது. அதற்கும் மேலே அவள் நெய் டின்னைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டின் கட்டிப்பால் வேறு திறந்து வைத்திருந்தது. ரூஃபஸ் வாலை ஆட்டிக்கொண்டு ஒழுங்காகக் காத்திருந்தான். மருதப்பன் கையில் மட்டும்தான் தின்பான் என்று ராணுவம் எழுதி வைத்திருந்ததே, அந்த ரூஃபஸ்.

மருதப்பன் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றான். பழக்கதோஷத்தில், "ரூஃபஸ், இது என்ன வேலைன்னு கேளு," என்றுதான் ஆரம்பித்தான். அதற்குமேல் நாயிடம் சொல்ல முடியவில்லை. நேராக அவளைப் பார்த்தான்.

"வா இங்க," என்றான்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நேராகச் சொன்ன முதல் சொல். பூவம்மா எழுந்து அறைக்குள் வந்தாள். அவன் முற்றத்துக் கதவைச் சாத்தினான். நாய் காதில் விழக்கூடாது என்பதற்காகக் குரலையும் தாழ்த்திக்கொண்டான்.

"என் மேல கோவம்னா என்னை ரெண்டு அடி அடி. அவன் என்ன பண்ணான்? டெஸ்ட்ல பெயிலானா அவனை ஊசி போட்டுக் கொன்னுருவாங்க, தெரியுமா?"

பூவம்மாவின் முகத்தில் இரத்தம் வற்றியது. நெய்யும் சோறும் ஒட்டிய கையோடு சுவரில் சாய்ந்தாள்.

"கொல்லுவாங்களா? வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னுதானே நெனச்சேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல, நானாத்தான் நெனச்சேன். அல்போன்சம்மாக்கா சொன்னது வேற." அல்போன்சம்மாள் ஆம்ப்ரோஸின் மனைவி. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிற இடத்தில் இருவரும் வாரத்துக்கு இரண்டு தடவை சந்திப்பார்கள். "டெஸ்ட்ல பாஸ் ஆகிற நாயையெல்லாம் கப்பல்ல ஏத்தி போர்னியோவுக்கு அனுப்பப் போறாங்களாம். அங்க காட்டுல சண்டை நடக்குதுல்ல, அதுக்கு. ஆர்டர் வந்துருச்சாம், ஆம்ப்ரோஸ் அண்ணன்தான் டைப் அடிச்சாராம். வெளிய சொல்லக்கூடாதுன்னு அவங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்காரு."

டிப்போவில் ஒரு சிப்பாய்க்கும் தெரியாத ராணுவ ரகசியம் மீன்கடையில் இருந்திருக்கிறது. மருதப்பனுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"போனா போகட்டுமே. உயிரோடவாவது இருப்பான்ல. நாயைப் பிரிய மாட்டேன்னு நெய்யை ஊத்தி, நீயே அவனுக்கு..."

"நாயி மட்டுமா போகும்?" என்றாள் பூவம்மா.

அவன் புரியாமல் பார்த்தான்.

"கயிறு பிடிக்கிற ஆளும் கூடவேதான் போகணுமாம். உங்க பேரும் அதுல இருக்காம்." அவன் முன்னால் அழக்கூடாது என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நீங்க என்னன்னா அவனையும் ஓட வச்சு, நீங்களும் ஓடி, பட்டாளத்துக்காரன் மாதிரி நாளுக்கு நாள் விறைச்சுக்கிட்டு வந்தீங்க. நான் வேற என்ன செய்யறது? வாயைத் திறந்து கேட்கவும் முடியல."

மருதப்பன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பேசாமல் இருந்த இத்தனை நாளும் இவள் தன்னை வெறுக்கிறாள் என்று எண்ணியிருந்தான். இவளோ தன்னைப் போகவிடாமல் பிடித்து வைக்க, வீட்டு நெய்யையெல்லாம் அந்தத் தீட்டுப்பட்ட பானையில் கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவனுக்கு விளங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ரூஃபஸ் பானையை நக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தைத்த கால்சட்டையோடு டிப்போவுக்கு ஓடி ஆம்ப்ரோஸைத் தனியாகப் பிடித்தான். அவர் முதலில் வெலவெலத்துப் போனார், பிறகு மனைவியை வாய்க்குள் திட்டினார், பிறகு ஒத்துக்கொண்டார்.

"கயித்தை வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன் சார். அவன் போகட்டும், நான் இங்கயே இருக்கேன்."

"வேற ஆளுக்குப் பழக்க மாசக்கணக்கா ஆகும்யா. அதுவரைக்கும் வெயிட் பண்ண மாட்டாங்க. ஆள் இல்லாத நாய்க்கும் அதே ஊசிதான்." ஆம்ப்ரோஸ் அவன் தோளில் கைவைத்தார். "நீ போனா நாய்க்கு உயிரு. போகாட்டி உனக்கு வீடு. நான் என்னத்தைச் சொல்ல?"

டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரம் மருதப்பன் பட்ட பாடு இருக்கிறதே, முந்தின குழப்பமெல்லாம் அதற்கு ஒத்திகை என்று சொல்லலாம். வீட்டில் பேச்சு திரும்பி வந்துவிட்டது. ரசம் ஆறுவதை நேராகவே சொன்னாள், உப்புக் குறைந்ததை அவன் நேராகவே சொன்னான். பானைக்கு மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டான். ஆனால் அந்த ஒரு பேச்சு மட்டும் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நெய் டின் காலியாகவே கிடந்தது. அவள் நிறுத்திவிட்டாளா, தீர்ந்துபோனதா? கேட்கப் பயமாக இருந்தது. அவன் வழக்கம்போல் ஓட வைத்தான். மேட்டில் ஏறும்போது இன்னும் வேகமாக ஏறு என்று மனசு சொல்லும். ஏறிவிட்டால், ஏன்டா ஏறினாய் என்று அதே மனசு கேட்கும். தேநீர்க்கடையில் காசு கொடுத்துவிட்டுத் தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தான். அலீம் பாய் கூப்பிட்டது அவன் காதில் ஏறவில்லை.

நெய் நின்றதும் தராசு இறங்கியது. உள்ளே இரும்பு மாதிரிச் சதை தயாராகத்தான் இருந்தது, மேலே இருந்த மெத்தை மட்டும் கரைந்தது. கடைசிச் சனிக்கிழமை மருதப்பன் விலாவில் கைவைத்துத் தடவினான். மெதுவாக, ஒவ்வொன்றாக, எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. எந்த எலும்புக்காக இத்தனை நாள் தெய்வத்தை வேண்டினானோ அந்த எலும்பு கைக்குப் பட்டதும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

டெஸ்ட் நாள் வந்தது. டிப்போ மைதானம் ரோட்டை ஒட்டியது, நடுவில் கம்பிவேலி. வெட்னரி டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ரோஸ் பக்கத்தில் நின்று எழுதினார். ரூஃபஸ் மைதானத்தைத் துள்ளுநடையில் சுற்றி வந்தது, பள்ளத்தைத் தாண்டியது, கோணி சுற்றிய கையோடு ஓடிய ஆளைத் துரத்திப் பிடித்தது. டாக்டர் நாடி பார்த்துத் தலையசைத்தார். மிச்சம் இருந்தது பலகைச் சுவர், ஆள் உயரத்துக்கு மேல். நாய் தனியாக ஓடிப்போய் ஏறித் தாண்ட வேண்டும். கயிற்றைக் கழற்றிவிட்டு ஆள் பின்னால் நின்று கட்டளை கொடுக்க வேண்டும்.

மருதப்பன் கயிற்றைக் கழற்றினான். ரூஃபஸ் ஓடியது, சுவர் அடியில் போய்க் கட்டளைக்காக நின்றது. மருதப்பன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சொன்னால் போர்னியோ, சொல்லாவிட்டால் ஊசி, சொன்னால் பூவம்மா, சொல்லாவிட்டால் ரூஃபஸ் என்று உள்ளுக்குள் சுழன்றதே தவிர நாக்கு புரளவில்லை. சார்ஜன்ட் பென்னட் அவனைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாய்க்கு என்ன தெரியும்? இரண்டு மாதம் பழகின பழக்கம். இந்தப் பக்கம் குரல் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் பார்க்கும். தலையைத் திருப்பி வேலிப்பக்கம் பார்த்தது. அப்போதுதான் மருதப்பனும் பார்த்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு பூவம்மா நின்றாள். வருகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை. பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும், கையில் மார்க்கெட் கூடைகூட இருந்தது.

அவள் சும்மா நின்றாலே போதும். ஒன்றும் செய்ய வேண்டாம். நாய் தாண்டாது, புருஷன் ஊரிலேயே இருப்பான். ரூஃபஸ் காதை நிமிர்த்திக்கொண்டு அவளையே பார்த்தது.

"தாண்டுடா," என்றாள் பூவம்மா. மறுபடியும் உரக்கச் சொன்னாள். "தாண்டுடா கண்ணு, தாண்டு."

ரூஃபஸ் பின்னங்காலை ஊன்றி எழும்பியது. முன்னங்கால் பலகை விளிம்பைப் பிடித்தது, உடம்பு ஒரு நெளிவு நெளிந்து மேலேறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. டாக்டர் சார்ஜன்டிடம் ஏதோ கேட்டார். சார்ஜன்ட் தோளைக் குலுக்கினார். ஆம்ப்ரோஸ் யார் முகத்தையும் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

மருதப்பன் கயிற்றைப் பூட்டிக்கொண்டு வேலியோரம் போனான்.

"ஏன் சொன்னே?" என்றான்.

"அவன் என் மூஞ்சியப் பார்த்துட்டானே," என்றாள். "பார்த்தப்புறம் எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

ரூஃபஸ் கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து அவள் கூடையை முகர்ந்தது. அவள் இரண்டு விரலை உள்ளே விட்டு அதன் நெற்றியைத் தடவினாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. பிறகு மருதப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க மழை ஜாஸ்தியா, குளிரு ஜாஸ்தியா? எத்தனை பனியன் எடுத்து வைக்கணும்?"

மருதப்பனுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.